அறுபத்திரண்டு லாரி நடந்தேன்

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி முடியப்போகிற நேரம். வேலை முடிந்து சாத்தாங்காட்டிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு லாரியிலிருந்து சிந்திய மணல் எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரத்தில் கிடந்தது. என் டூவீலர் அதில் சறுக்கி விழுந்து, இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. விழுந்த கதையைச் சொல்லிப் பரிதாபம் வாங்குவதற்காக இதை எழுதவில்லை. அது ஒரு நிமிடத்தில் முடிந்த சமாச்சாரம். அதற்கப்புறம் மாதக்கணக்கில் என்னை நானே எப்படி ஏமாற்றிக்கொண்டேன், எப்படிப் பிடிபட்டேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டில் நான் கிரேன் ஆபரேட்டர். ரோட்டில் ஓடுகிற கிரேன் இல்லை. யார்டுக்கு மேலே, கூரையை ஒட்டிப் போட்ட தண்டவாளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற கிரேன். ஆபரேட்டர் உட்காருகிற கேபினும் மேலேதான் தொங்கும். அதற்குப் போக ஒரே வழி, செங்குத்தாக நிற்கிற இரும்பு ஏணி. முப்பத்து நாலு படி. பதினாறு வருடமாக ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஏறி இறங்கியிருக்கிறேன். படி எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே கால் உடைவதற்கு முன்னால் வந்ததில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். மூன்றாம் நாள் யார்டு முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். யானைக்கவுனிச் சேட்டு, எங்களோடு பேசிப்பேசி எங்கள் பாஷையே அவருக்கும் வந்துவிட்டது. என்னிடம் வேலை பழகிய ஹெல்பர்தான் இப்போதைக்குக் கிரேனை ஓட்டுகிறான் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அவசரம் இல்ல. ஆயுத பூஜைக்கு நீயே ஏறிப் பொட்டு வை. முடியலன்னா எடை மேடைல குந்திக்கோ, நான் வேணான்னு சொல்ல மாட்டேன்."

எங்கள் மார்க்கெட்டில் அது ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்றைக்கு யார் மேலே ஏறி கேபினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறாரோ, அவர்தான் அந்தக் கிரேனின் ஆள். எழுத்தில் எதுவும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். முதலாளி அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ எடை மேடை என்ற வார்த்தைதான் காதில் நின்றது. நாள் பூராவும் கீழே உட்கார்ந்து லாரிக்கு எடைச் சீட்டு எழுதிக்கொண்டு, தலைக்கு மேலே என் கிரேனை வேறொருவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தேன். ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார்கள். எலும்பு முறிந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் வைத்தியம் என்றால் ஆட்டுக்கால் பாயாதான். அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற என் மனைவி, விடிந்ததும் தூக்கு எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போய் வாங்கிவந்துவிடுவாள். விஷயம் தெரிந்த கடைக்காரர் ஒரு கால் கூடுதலாகவே போட்டு அனுப்புவார். இடியாப்பத்துக்குப் பாயா, சோற்றுக்குப் பாயா, ராத்திரி பரோட்டா வந்தால் அதற்கும் பாயா. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காலை அசைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி சாப்பிட்டேன். இரண்டரை மாதத்தில் ஒன்பது கிலோ ஏறியது. உடைந்த கால் மட்டும் குச்சியாக இளைத்துக்கொண்டே போனது. போர்வைக்குள் இருந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆடி பிறந்தபோது எலும்பு சேர்ந்துவிட்டது, கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி, பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். மூன்றே பயிற்சிதான் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு, காலை நேராக நீட்டி மடக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். மாடிப்படியின் கடைசிப் படியில் ஏறி இறங்க வேண்டும். இதெல்லாம் போக, காலையில் முடிந்த அளவு நடை. நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

டன் கணக்கில் கம்பிக்கட்டைத் தூக்கி இறக்குகிற ஆளிடம் ஒரு கிலோ உப்பைத் தூக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குச் சிரிப்புதான் வந்தது. நடை மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் பக்கம் நடப்பதற்குப் பார்க்கா இருக்கிறது? எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குத்தான் போனேன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிகளின் வரிசை. பல நாள் அந்த வரிசை திருவொற்றியூரைத் தாண்டியும் நிற்கும்.

என்னை அறியாமலே லாரியை எண்ண ஆரம்பித்தேன். தொழில் புத்தி. எங்களுக்கு எதையும் உருப்படி கணக்கில்தான் பார்க்கத் தெரியும். லாரிகள் தெற்கே ராயபுரம் பக்கம் பார்த்து நிற்கும், நான் அவற்றுக்கு எதிராக வடக்கே நடப்பேன். ரோட்டில் ஜல்லியும் பள்ளமும் இருப்பதால் கண் எப்போதும் தரையில்தான். ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் கைத்தடியால் அதன் பின் டயரை ஒரு தட்டுத் தட்டுவேன். அது ஒன்று. முதல் நாள் எட்டு லாரி. உடம்பெல்லாம் வேர்த்து, டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பினேன். ஒரு வாரத்தில் பதினைந்து. ஆவணி பிறக்கும்போது முப்பது.

ஒரு நாள் அப்படித் தட்டிக்கொண்டு போகும்போது மேலேயிருந்து ஒரு குரல். "இன்னா நைனா, டயர்ல காத்து கீதான்னு பாக்குறியா?"

நிமிர்ந்து பார்த்தேன். கேபின் ஜன்னலில் ஒரு டிரைவர், நாற்பது வயது இருக்கலாம், கழுத்தில் துண்டு, கையில் பல் விளக்குகிற பிரஷ். கால் உடைந்த கதையைச் சொன்னேன். அவர் வியாசர்பாடிக்காரர். வாரத்தில் மூன்று நாளாவது இந்த வரிசையில் நிற்பாராம், சில சமயம் ஒரு நாள் முழுவதும் போய்விடுமாம். அன்றிலிருந்து அவர் வண்டி கண்ணில் பட்டால் இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போவேன். இன்றைக்கு எத்தனை வண்டி என்று அவர் கேட்பார், நான் பெருமையாகச் சொல்வேன்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தேன். சில நாள் இருபது லாரிக்கே கால் ஓய்ந்துபோகும், சில நாள் ஐம்பது கூட அலட்சியமாகப் போகும். ஏன் என்று யோசித்தேன். ஐம்பது போன நாளுக்கு முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டோம்? பாயா. போதாதா? பாயா குடித்தால் மறுநாள் லாரி கூடுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். இருபதோடு நின்ற நாளுக்கு முந்தின ராத்திரியும் பல தடவை பாயாதான் குடித்திருப்பேன். அன்றைக்கு எலும்பு சரியாக வேகவில்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆசைப்பட்டவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

லாரி கூடக்கூட மற்றது எல்லாம் குறைந்தது. முதலில் குதிகால் பயிற்சியை விட்டேன். பிறகு படி ஏறி இறங்குவதை; வீட்டு மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலாலேயே ஏறிக்கொள்வேன். உப்புப் பொட்டலத்தைச் சமையலுக்குப் பிரித்துக்கொள்ளச் சொல்லி மனைவியிடமே கொடுத்துவிட்டேன். பிசியோதெரபிக்கு அடுத்தடுத்து இரண்டு வாரம் போகவில்லை. ஆவணிக் கடைசியில் ஒரு நாள் அறுபத்திரண்டு லாரி. வீட்டுக்கு வந்து அந்த எண்ணைச் சொன்னதும் என் மனைவி கண்கலங்கிவிட்டாள். அன்றைக்கே அப்பளக் கம்பெனி முழுக்க அது தெரிந்துபோனது. எங்கள் பிளாக்கில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், கால் தேறிடுச்சாமே என்று கேட்க ஆரம்பித்தார்கள். தேறிவிட்டது என்று நானும் மனதார நம்பினேன்.

புரட்டாசி பிறந்தது. ஆயுத பூஜைக்கு இருபது நாள் இருந்தது. அதுவரை பொறுக்க முடியாமல், ஒரு நாள் மதியம் ஷேர் ஆட்டோ பிடித்து யார்டுக்குப் போனேன். எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சும்மா ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கைத்தடியைக் கீழே சாய்த்து வைத்தேன். முதலாளி ஆபீஸ் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

நாலு படி ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவதில் தொடை இழுத்தது. ஆறாவது படியில் இடது காலை ஊன்றி எழும்பப் பார்த்தேன், கால் என் பேச்சைக் கேட்கவில்லை. தையல் மிஷின் ஊசி மாதிரி தன்னால் நடுங்க ஆரம்பித்தது. மேலே போக முடியவில்லை. கீழே இறங்கலாம் என்றால் எந்தக் காலை எடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னிடம் வேலை பழகிய அந்த ஹெல்பர்தான் பின்னாலேயே ஏறிவந்து, என் காலைக் கையால் பிடித்து ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து இறக்கிவிட்டான். "பரவால்லண்ணே, பரவால்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் செய்த தப்பு ஒன்றும் இல்லை, உதவி செய்ததுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சீறினேன். புரட்டாசி என்று சொல்லி அவள் கவுச்சியை நிறுத்தியிருந்தாள், பாயாவும் நின்றுபோயிருந்தது. அதனால்தான் கால் நடுங்கிவிட்டது என்றேன். "இன்னாயா நீ, ரெண்டு நாள் பாயா இல்லன்னா கால் பூடுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் முழுவதும் நான் எடை மேடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நடக்கப் போக மனமே இல்லை. பழக்க தோஷத்தில் போனேன். டயரைத் தட்டவும் இல்லை, எண்ணவும் இல்லை. டிரைவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தே என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறுபத்திரண்டு லாரி நடக்கிற கால், ஆறு படி ஏற மாட்டேன் என்கிறது, இது என்ன அநியாயம் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்த அறுபத்திரண்டு என்றைக்கு என்று விசாரித்தார். சொன்னேன். அன்றைக்குத் துறைமுக கேட்டில் வண்டிகளை வேகமாக உள்ளே விட்டார்கள், தானும் வரிசையில் இருந்ததாக ஞாபகம் என்றார்.

பிறகு நிதானமாகக் கேட்டார். "நைனா, நீ இப்டி போற. வண்டிங்க எப்டி போவுது?"

எதிரே என்று கையைக் காட்டினேன்.

"நீயும் நடந்துகினு இருந்த, நாங்களும் வந்துகினு இருந்தோம். பாதி நீ நடந்த, பாதி நாங்க நடந்தோம் நைனா."

டீ கிளாஸ் கையிலேயே இருந்தது. எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. வரிசை ஊர்ந்துகொண்டே இருந்தால், நான் ஒரு லாரி தூரம் நடப்பதற்குள் எதிரே இரண்டு லாரி வந்து என்னைக் கடந்துவிடும். வரிசை அசையாமல் நின்ற நாளில் இருபது, இருபத்தைந்துதான் கிடைக்கும், அதுதான் என் உண்மையான நடை. கேட் விட்ட நாளில் அறுபது. இதில் பாயாவுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. லாரி நகர்வதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு லாரி நகர்வது காற்றடிக்கிற மாதிரி, அதை யார் கவனிக்கிறார்கள்? தலையைக் குனிந்துகொண்டு தட்டித்தட்டி எண்ணியிருக்கிறேன். தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனில் உட்கார்ந்து, எது ஓடுகிறது எது நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பதினாறு வருடம் சோறு தின்றவன் நான். எனக்கு ஒரு லாரி டிரைவர் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் ரோட்டு ஓரத்து விளக்குக் கம்பத்தைப் போய்க் கையால் தட்டிக் காட்டினார். "இது எங்கியும் போவாது. இத்த எண்ணு."

அன்றைக்குக் கம்பத்தை எண்ணினேன். பதினாலு. அதற்குமேல் முடியவில்லை. இரண்டு கம்பத்துக்கு நடுவில் இரண்டு லாரி நிற்கும் என்று அவர் கணக்குச் சொன்னார். ஆக, என் அறுபத்திரண்டு, நிஜத்தில் இருபத்தெட்டு.

அதே வாரம் பிசியோதெரபிக்குப் போனேன். லாரி விஷயத்தைச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் வரவில்லை, தப்புதான் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் ஒரு டேப் எடுத்து இரண்டு தொடையையும் அளந்து பார்த்தார். இடது தொடை இரண்டு விரல் கடை குறைவாக இருந்தது. முதல் நாளும் இதே அளவுதானாம், தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். "நடந்தா நடக்க வரும். ஏணி ஏறணும்னா தொடையில சதை வேணும். அது உப்புப் பொட்டலத்துலதான் வரும்" என்றார். பாயாவைப் பற்றி நானே கேட்டேன். குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, வாரத்துக்கு ஒரு நாள், மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்துவிட்டு என்றார். ஏறின ஒன்பது கிலோவையும் சேர்த்துத்தானே அந்தக் கால் ஏணியில் தூக்க வேண்டும் என்றும் கேட்டார்.

வீட்டில் மனைவியிடம் உண்மையைச் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாளே. கேட்டுவிட்டு எழுந்து போய்ப் புது உப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து, மஞ்சள் பையில் போட்டு என் மடியில் வைத்தாள்.

பூஜைக்கு மிச்சமிருந்த நாள் முழுக்க ஒழுங்காக இருந்தேன். காலையில் கம்பம். வந்ததும் உப்புப் பொட்டலம், பத்துப் பத்தாக மூன்று தடவை, சாயங்காலம் இன்னொரு முறை. ஒரு கிலோதானே என்று சிரித்தவனுக்கு, எட்டாவது தடவையிலேயே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பிளாக் மாடிப்படியில் ஏறி இறங்குவேன். தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண்கள் வழிவிட்டு நின்று, இன்றைக்கு எத்தனை என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியே எனக்குச் சுருக்கென்று இருக்கும். புரட்டாசியாதலால் முட்டை மீன் கிடையாது. பச்சைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், முருங்கைக்கீரை, மோர் என்று மனைவி தட்டை மாற்றினாள். சோறு பாதியானது. டீக்கடையில் நின்று மூன்று வேளை டீயும் பன்னும் சாப்பிடுகிற பழக்கம் ஒரு வேளையானது. பீடியை ஆஸ்பத்திரியிலேயே விட்டிருந்தேன், மறுபடி தொடவில்லை.

டிரைவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கும்போது வண்டியை விட்டுப் போக முடியாது என்று அவர் தண்ணீரே குடிக்க மாட்டார். குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் முன்னால் இடைவெளி விழும், வேறு வண்டி புகுந்துவிடும். அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு. இதை அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கம்பத்தைக் காட்டியவர், தன் உடம்பை இப்படி வைத்திருக்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. மனைவியிடம் சொல்லி இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று அவருக்கு. நான் கம்பம் எண்ணிப் போய்த் திரும்புவதற்குள் பாதியாவது குடித்திருக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டேன். அவர் ஒதுங்கப் போய் வர வேண்டியிருந்தால், வேறு வண்டி புகாமல் அந்தப் பத்து நிமிடம் கைத்தடியோடு அவர் வண்டிக்கு முன்னால் நான் நிற்பேன். வரிசை அசையாத நாளில் அவரும் இறங்கி என்னோடு ஒரு கம்பம் வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடுவார்.

ஆயுத பூஜை வந்தபோது நான் முப்பது கம்பத்தில் இருந்தேன். யார்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை எல்லாம் படைத்திருந்தார்கள். முதலாளி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். கிண்ணத்தைச் சட்டைப்பையில் வைத்து, மாலையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்தேன். ஆறாவது படியை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. பத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பதினைந்து. இருபதாவது படியில் இடது தொடை லேசாகத் துடித்தது. நடுக்கம் இல்லை, நடுக்கத்துக்கு முந்தினது. உப்புப் பொட்டலத்தோடு பழகிப்பழகி, அந்தத் துடிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிருந்தது. கடைசிப் பத்தைச் செய்யும்போது, இன்னும் எத்தனை தடவைக்குத் தெம்பு மீதி என்று அது சரியாகச் சொல்லிவிடும்.

இன்னும் பதினாலு படி இருந்தது. அன்றைய என் காலில் மிஞ்சிப்போனால் எட்டுப் படிக்குத்தான் தெம்பு. பல்லைக் கடித்தால் மேலே போயிருக்கலாமோ என்னவோ. கீழே இருபது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்திரண்டு லாரி நடந்தவனாக இருந்தால் நிச்சயம் போயிருப்பான். கம்பத்தை எண்ணிப் பழகினவனுக்கு அது முடியவில்லை. நான் இறங்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை யாரும் வந்து காலைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொரு படியாக நானே இறங்கினேன்.

தரைக்கு வந்ததும், இன்றைக்கு இருபதுதான் முதலாளி, இன்னும் பதினாலு பாக்கி என்றேன். மாலையைக் கழற்றி ஹெல்பரின் தோளில் நானே போட்டேன். அவன் தயங்கித் தயங்கி என்னைப் பார்த்துவிட்டு மேலே ஏறினான். அவன் பொட்டு வைப்பதைக் கீழேயிருந்து பார்க்க மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முதலாளி பொரிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "கார்த்திகைல ஏறு. உன் கிரேன் சீட்டு எங்கியும் பூடாது."

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், இரும்பு காய்ந்திருந்த நேரமாகப் பார்த்து ஏறினேன். மேளம் இல்லை, மாலை இல்லை, பார்க்கவும் யாரும் இல்லை. இரண்டு இடத்தில் நின்றேன். முப்பத்து நாலாவது படியைத் தாண்டிக் கேபினுக்குள் கால் வைத்தபோது, கதவில் ஹெல்பர் வைத்த பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. சட்டைப்பையில் கொண்டுபோன குங்குமத்தை எடுத்து அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஷிப்ட் மாற்றி ஓட்டுகிறோம்.

உப்புப் பொட்டலம் இன்னும் மஞ்சள் பையில்தான் இருக்கிறது, அதைச் சமையலுக்குப் பிரிக்க என் மனைவி விடுவதில்லை. காலையில் கம்பத்தை எண்ணிக்கொண்டுதான் நடக்கிறேன். வரிசையில் அந்த வண்டி நின்றால் தண்ணீர் பாட்டில் கைமாறும். கால் என்றில்லை, எந்த விஷயத்திலும் நாம் நன்றாக முன்னேறிவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிமிரும்போதெல்லாம், ஒரு நிமிடம் நின்று, இதில் நகர்ந்தது நானா லாரியா என்று என்னையே கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.